நாற்பது மெயிலுக்கும் பதில் இல்லை: வெளிநாட்டு முனைவர் ஆய்வுக்கு எங்கே தொடங்குவது?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 24 வயது. ஊர் கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம், வடகரப்பதி பஞ்சாயத்து. பத்தாவது வரை தமிழ்வழிதான் படித்தேன். பாலக்காட்டில் பி.எஸ்சி., கோவையில் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. 74 சதவீதம். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்பதுதான் என் புராஜெக்ட். வெளிநாட்டில் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்று ரொம்ப ஆசை. நாற்பது பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. அமெரிக்காவின் ஃபுல்பிரைட், ஜெர்மனியின் டாட் (DAAD) ஆகிய இரண்டு உதவித்தொகைகளில் எதற்கு விண்ணப்பிக்கலாம்? ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கொடுத்தால் ஸ்காலர்ஷிப்போடு சீட் வாங்கித் தருகிறேன் என்கிறார். நாங்கள் பட்டியல் சாதி. தாத்தா 1980 வாக்கில் உடுமலையிலிருந்து அப்பாவைச் சின்னப் பையனாகக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தவர். அதனால் கேரளத்தில் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அப்பா லோடு லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதித் திட்டம்) வேலைக்குப் போகிறார். ‘நமக்கெல்லாம் இது எதுக்கு, பேங்க் பரீட்சை எழுது’ என்கிறார் அப்பா. என் இங்கிலீஷும் சுமார்தான். அனுப்பிய மெயிலையும் புராஜெக்ட் ரிப்போர்ட்டையும் இணைத்திருக்கிறேன். எங்க அப்பிச்சி (அம்மாவின் அப்பா) தான் வேலை பார்த்த தோட்டத்துக் கிணற்றின் தண்ணீர் மட்டத்தை நோட்டில் எழுதி வைப்பார். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் படிப்பில் ஆசை வந்தது. வழி சொல்லுங்கள்.

பதில்: வணக்கம் அம்மிணி. ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். டாட், ஃபுல்பிரைட், ஜப்பான் அரசின் மெக்ஸ்ட், இவை எதற்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது தேர்வுக் குழு. அந்தக் குழுவிடம் சொல்லி வாங்கித் தரும் ஆள் யாரும் எந்த ஊரிலும் இல்லை. இப்படிப் பணம் கட்டியவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது, கட்டணம் கட்டிப் படிக்கும் ஏதோ ஒரு மாஸ்டர்ஸ் சீட்டும், அந்தக் கட்டணத்தில் கொஞ்சம் தள்ளுபடியும்தான். அந்தத் தள்ளுபடிக்கு ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைத்துவிடுவார்கள். மீதிக்குக் கல்விக் கடன் வாங்கச் சொல்வார்கள். லாரி ஓட்டுகிறவர் வீட்டில் அந்தக் கடன் எத்தனை வருடம் உட்கார்ந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது ஃபுல்பிரைட், டாட் இரண்டில் எது என்ற கேள்வி. ஃபுல்பிரைட்–நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகை, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஏற்கெனவே பிஎச்.டி. பதிவு செய்து படித்துக்கொண்டிருப்பவர்களுக்கானது. அவர்கள் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில் போய் ஆய்வு செய்துவிட்டுத் திரும்ப வேண்டும். நீங்கள் இன்னும் எங்கும் பதிவு செய்யவில்லை. ஆகவே இப்போதைக்கு அது உங்களுக்கு இல்லை. ஜெர்மனியின் டாட் உங்களுக்குத் திறந்திருக்கிறது. ஆனால் அதற்கும் ‘இவரை நான் வழிநடத்துகிறேன்’ என்று அங்கே ஒரு பேராசிரியர் எழுதித் தர வேண்டும். எந்த உதவித்தொகையின் படிவத்தைத் திறந்தாலும் இரண்டு கட்டங்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்: என்ன ஆய்வு, யாரிடம் ஆய்வு. இந்த இரண்டையும் நிரப்ப முடிந்தால்தான் மீதிப் படிவத்துக்குப் பொருள் உண்டு. ஆகவே பணத்தை யார் தருவார்கள் என்பதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் கேள்வி என்ன என்பதிலிருந்து தொடங்குவோம்.

நீங்கள் அனுப்பிய மெயிலைப் படித்தேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்களின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ள மிகுந்த ஆர்வமாக உள்ளேன். நான் கடின உழைப்பாளி. சுற்றுச்சூழல், நீர் மாசுபாடு, காலநிலை மாற்றம், திடக்கழிவு மேலாண்மை ஆகியவற்றில் ஆர்வம் உண்டு. தங்கள் மேலான பதிலை எதிர்நோக்குகிறேன்.’ கூடவே நான்கு பக்க பயோடேட்டா, அதில் அப்பா பெயர், மதம், உயரம் வரைக்கும். நாற்பது பேருக்கும் ஒரே மெயில். பெறுபவர் பெயர்கூட மாறவில்லை.

அந்தப் பேராசிரியரின் இடத்தில் இருந்து பாருங்கள். இதே வாசகங்களோடு அவருக்கு வாரந்தோறும் மெயில் வந்துகொண்டே இருக்கும். இதில் உங்களைத் தனியாக அடையாளம் காட்டும் ஒரு வரியும் இல்லை. தன் கட்டுரை எதையாவது நீங்கள் படித்திருக்கிறீர்களா என்பதும் அவருக்குத் தெரியவில்லை. நான்கு துறைகளில் ஆர்வம் என்று சொன்னால், எந்த ஒன்றிலும் இன்னும் இறங்கவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். பதில் வராததற்கு உங்கள் தமிழ்வழிப் படிப்போ, கல்லூரியின் பெயரோ, 74 சதவீதமோ காரணம் இல்லை. இதை மனதில் நன்றாக இருத்திக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்த மெயிலில் இல்லாத சரக்கு உங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் இருக்கிறது. மூன்றாவது அட்டவணையைத் திறந்து பாருங்கள். 22 போர்வெல். கோடையில் ஒரு தடவை, ஐப்பசி மழை முடிந்து ஒரு தடவை தண்ணீர் எடுத்திருக்கிறீர்கள். வாய்க்கால் பாசனம் எட்டுகிற பக்கத்தில் மழைக்குப் பிறகு ஃபுளோரைடு இறங்கியிருக்கிறது. எட்டாத கிழக்குப் பக்கத்தில் பல கிணறுகளில் இறங்கவே இல்லை. இரண்டில் ஏறியும் இருக்கிறது. ரிப்போர்ட்டில் இதற்கு நீங்கள் எழுதியிருப்பது ஒரே வரி: ‘பருவத்திற்கேற்ப மாறுபாடு காணப்படுகிறது.’ அந்த ஒரு வரியைத்தான் பிஎச்.டி.யாக விரிக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். மழை மட்டும்தான் ஃபுளோரைடை நீர்த்துப்போகச் செய்கிறது என்றால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கியிருக்க வேண்டும். பெய்தது ஒரே மழை. அடியில் இருப்பது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நைஸ் (gneiss) என்னும் கடினப்பாறை. அப்படியென்றால் வாய்க்கால் தண்ணீர் பூமிக்குள் இறங்கி ஏதோ வேலை செய்கிறதா? அல்லது எட்டாத பக்கத்தில் போர் ஆழமாகப் போய், பாறையோடு அதிக காலம் ஒட்டிக் கிடந்த பழைய தண்ணீரை இழுக்கிறோமா? இதைப் பிரித்தறியக் கருவி இருக்கிறது. தண்ணீரில் உள்ள ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களை) அளந்தால், மலையில் பெய்து அணையில் தேங்கி ஆவியாகி வந்த தண்ணீர் எது, உள்ளூரில் பெய்த மழை எது என்று ஓரளவு பிரித்துச் சொல்லலாம். அந்த ஆய்வுக்கூடமும் அதைச் சொல்லித்தரும் ஆளும் வேண்டும் என்பதற்காகத்தான் நீங்கள் வெளிநாடு போக விரும்புகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். விண்ணப்பத்துக்கே ஒரு நியாயம் வந்துவிடும்.

உங்கள் ஊரை எல்லை ஓரத்து வறண்ட ஊர் என்று சாதாரணமாக நினைக்காதீர்கள். நீங்கள் இருக்கும் சித்தூர் வட்டாரத்தை மத்திய நிலத்தடி நீர் வாரியம் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதி என்று வகைப்படுத்தியது. மழைக்குப் பேர்போன கேரளத்தில் இப்படி ஒரு வட்டாரம் இருப்பதே வெளியில் இருப்பவர்களுக்கு வியப்பு. சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கான தண்ணீர் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று கணக்கு வைத்துத் தரப்படுகிறது. அதாவது, நீங்கள் ஆராயப்போகும் வாய்க்காலுக்குள் வரும் தண்ணீருக்கு இரண்டு மாநில அரசுகள் அளவு வைத்திருக்கின்றன. இப்படி அளவுக் கணக்கு உள்ள களம் கிடைப்பது அரிது. பிளாச்சிமடையும் உங்கள் தாலுக்காதான். 2000இல் வந்த குளிர்பான ஆலை 2004இல் நின்றதும், அதற்கு எதிராக நடந்த போராட்டமும் உலகம் முழுக்கத் தண்ணீர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மெயிலில் ஊரை அறிமுகப்படுத்த அந்தப் பெயரை ஒரு இடத்தில் சொல்லலாம். அதற்கு மேல் அதற்குள் போக வேண்டாம். உங்கள் கேள்வி வேறு.

அப்புறம் அப்பிச்சியின் நோட்டு. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எத்தனை வருடத்துக்கு இருக்கிறது? தேதி போட்டிருக்கிறாரா? தண்ணீர் எத்தனாவது படியில் நிற்கிறது என்று எழுதினாரா, கயிறு விட்டு முழக் கணக்கில் எழுதினாரா? அந்தக் கிணறு இன்னும் இருந்தால், ஒரு படி எத்தனை சென்டிமீட்டர் என்று இப்போதே டேப் வைத்து அளந்து விடுங்கள். படிக் கணக்கு முழுவதும் மீட்டர் கணக்காகிவிடும். நோட்டின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து, ஒரு எக்செல் கோப்பில் ஏற்றுங்கள். அரசாங்கக் கண்காணிப்புக் கிணறுகள் ஊருக்கு ஒன்று கிடையாது. ஒரே கிணற்றைப் பல வருடம் ஒரே கை அளந்த பதிவு கிடைத்தால் எந்த நீரியல் ஆளும் எழுந்து உட்காருவார். குடும்பப் பாசத்துக்காக இதைச் சொல்லவில்லை. அது தரவு. விண்ணப்பத்தில் தரவு என்றே எழுதுங்கள்.

இனி மெயில். கீழே உள்ளதை அப்படியே காப்பி அடிக்காமல் உங்கள் ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். ‘பேராசிரியர் இன்னார் அவர்களுக்கு, கடினப்பாறைப் பகுதியில் ஃபுளோரைடு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தென்னிந்தியாவில் கேரள–தமிழக எல்லையில் உள்ள சித்தூர் தாலுக்காவில் 22 ஆழ்துளைக் கிணறுகளை மழைக்கு முன்னும் பின்னும் அளந்தேன். பாசன வாய்க்கால் உள்ள இடத்தில் ஃபுளோரைடு குறைந்தது. இல்லாத இடத்தில் பெரும்பாலும் குறையவில்லை. மழை மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். உங்கள் கட்டுரையில் பயன்படுத்திய ஐசோடோப் முறை இங்கே உதவுமா என்பது என் கேள்வி. அட்டவணையை ஒரு பக்கத்தில் இணைத்துள்ளேன். அடுத்த ஆண்டு முனைவர் ஆய்வு மாணவர் யாரையும் எடுக்கிறீர்களா? எடுத்தால், எந்த உதவித்தொகைக்கு நான் விண்ணப்பிப்பது நல்லது?’ இவ்வளவுதான். பத்து வரிக்குள். ‘மேலான’, ‘தாழ்மையுடன்’ எதுவும் வேண்டாம். பயோடேட்டா இரண்டு பக்கம். உயரம், மதம், அப்பா பெயர் எல்லாம் அதில் வரவே கூடாது.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எந்த உதவித்தொகை என்பதை அவரிடமே கேட்கிறீர்கள். தன் நாட்டில், தன் பல்கலைக்கழகத்தில் எந்தப் பணம் எப்போது வரும் என்பது அவருக்குத் தெரியும். உங்களிடமிருந்து ஒரு கேள்வி போனால், அவரிடமிருந்து ஒரு பதில் வர வழி இருக்கிறது. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கு மேல் வேண்டாம், அடுத்த ஆளைப் பாருங்கள்.

நாற்பது பேர் தேவையில்லை. உண்மையிலேயே உங்கள் கேள்வியோடு தொடர்புள்ள எட்டுப் பத்துப் பேர் போதும். அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. கூகுள் ஸ்காலரில் கடினப்பாறை, ஃபுளோரைடு, நீர்ச்செறிவு (தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிச் சேர்வது) என்று தேடி, கடந்த ஐந்து வருடக் கட்டுரைகளை எடுங்கள். அவற்றின் அடிக்குறிப்பில் யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ அவர்தான் உங்கள் ஆள். சுவிட்சர்லாந்தில் சூரிச்சுக்குப் பக்கத்தில் துபெண்டார்ஃபில் இருக்கும் ஈவாக் என்ற நீர் ஆய்வு நிறுவனம் நிலத்தடி நீரில் ஆர்சனிக், ஃபுளோரைடு பற்றி நிறைய வேலை செய்திருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜெர்மனியின் லைப்சிக்கில் உள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையம், ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் ஆகியவற்றையும் பாருங்கள். கட்டுரையின் முதல் ஆசிரியர் பெரும்பாலும் ஒரு பிஎச்.டி. மாணவராகவே இருப்பார். அவருக்கு ஒரு மெயில் போட்டு, அந்தக் குழுவில் வேலை எப்படி, வழிகாட்டி நேரம் ஒதுக்குகிறாரா என்று கேளுங்கள். நான்கு வருடம் அந்த ஒருவரின் கீழேதான் இருக்கப்போகிறீர்கள். பல்கலைக்கழகத்தின் தரவரிசையைவிட இந்தப் பதில் முக்கியம் என்பது என் கருத்து.

பணத்துக்கு வருவோம். எல்லாவற்றையும் ஸ்காலர்ஷிப் என்ற ஒரே சொல்லுக்குள் போட்டிருக்கிறீர்கள். நெதர்லாந்திலும் வட ஐரோப்பிய நாடுகளிலும் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பள வேலை. வேலை விளம்பரம் வரும், விண்ணப்பிப்பீர்கள், நேர்காணல் நடக்கும், ஒப்பந்தம் போடுவார்கள். ஜெர்மனியிலும் நிறைய இடங்கள் இப்படித்தான், பாதி முதல் முக்கால் பங்குச் சம்பளத்தில். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலையமைப்பு இடங்களும் வேலைவாய்ப்புகளே. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது அதன் முக்கிய விதி. கொழிஞ்சாம்பாறையை விட்டு நகராத உங்களுக்கு அது தடையே இல்லை. இந்த விளம்பரங்கள் யூராக்சஸ் (EURAXESS) என்ற ஐரோப்பிய ஆய்வு வேலைவாய்ப்புத் தளத்தில் வரும், வாரம் ஒரு முறை பாருங்கள். உங்கள் சூழ்நிலைக்கு இந்தச் சம்பள வழிதான் முதலில் முயல வேண்டியது என்பேன். அமெரிக்காவில் பல்கலைக்கழகமே ஆய்வு உதவியாளர், கற்பித்தல் உதவியாளர் என்று எடுத்துக் கட்டணத்தையும் மாதத் தொகையையும் பார்த்துக்கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் கடைசித் தேதி வரும். அங்கே விண்ணப்பக் கட்டணம் உண்டு, ஆனால் வருமானத்தைச் சொல்லிக் கேட்டால் பல இடங்களில் தள்ளுபடி செய்வார்கள். கேட்கத் தயங்காதீர்கள். ஜப்பானின் மெக்ஸ்ட்டுக்குத் தூதரகம் வழியாகவும் பல்கலைக்கழகம் வழியாகவும் இரண்டு பாதை இருக்கிறது.

உங்களுக்கென்று தனியாக இன்னொன்று உண்டு. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை. 1954–55இலிருந்து நடக்கும் திட்டம். ஆண்டுக்கு 125 இடம், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு, 30 சதவீதம் பெண்களுக்கு. வயது 35க்குள், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், தகுதிப் படிப்பில் 60 சதவீதம். உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் நிபந்தனையில்லாத சேர்க்கைக் கடிதம் வேண்டும். முழுக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமான டிக்கெட் எல்லாம் இதில் அடங்கும். 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளை இதிலிருந்து எடுத்துவிட்டார்கள். தன் சமூகத்தைப் பற்றியே ஆராய விரும்பும் பிள்ளைகளுக்கு அது பெரிய அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். உங்கள் ஆய்வு அறிவியல் சார்ந்தது. தலைப்பை நிலத்தடி நீர் வேதியியல் என்ற வரம்புக்குள் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமே என்பீர்கள். எல்லைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பட்டியல் சாதி என்பது அந்தந்த மாநிலத்துக்கென்று குடியரசுத் தலைவர் ஆணையால் வகுக்கப்பட்டது. 1950இல் வந்த ஆணைக்குப் பிறகு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர், தன் பூர்வீக மாநிலத்தைப் பொறுத்தே பட்டியல் சாதியாகக் கருதப்படுவார். 1990இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதனால் கேரள அரசின் இடஒதுக்கீடு, உதவிகள் உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் பூர்வீக மாநிலத்தின் சலுகைகளும் மத்திய அரசின் சலுகைகளும் உங்களுக்கு உண்டு. பலருக்கு இந்த இரண்டாவது பாதி தெரிவதில்லை. சில சமயம் வில்லேஜ் ஆபீஸிலும் சொல்வதில்லை. மேலே சொன்னது மத்திய அரசுத் திட்டம்.

செய்ய வேண்டியது இது. முதலில் உடுமலைப்பேட்டை தாலுக்கா அலுவலகத்தில் அப்பா பெயரில் சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அப்பா உடுமலையில் ஒன்றாவது, இரண்டாவது படித்திருந்தால் அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு நகல் மிக வலுவான ஆதாரம். தாத்தாவின் பழைய ரேஷன் கார்டு, அங்கே இப்போதும் இருக்கும் பங்காளிகள் யாருடைய சான்றிதழாவது இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். அப்பா பெயரில் பூர்வீக மாநிலம் கொடுத்த சான்று கையில் இருந்தால், குடிபெயர்ந்தவர் என்ற குறிப்போடு உங்களுக்குச் சான்றிதழ் தர நீங்கள் வசிக்கும் மாநிலத்து அதிகாரிக்கு மத்திய அரசின் வழிகாட்டுதல் உண்டு. சித்தூர் தாசில்தாரிடம் எழுத்தில் விண்ணப்பித்து, ரசீது வாங்குங்கள். மறுத்தாலும் எழுத்திலேயே மறுக்கச் சொல்லுங்கள். வருமானச் சான்றிதழை அக்ஷயா இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். சேர்க்கைக் கடிதம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் அந்த வருடம் போய்விடும். இப்போதே தொடங்குங்கள்.

இன்னும் இரண்டு எல்லைச் சிக்கல். உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் கேரள வழக்கப்படி இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். கோவை எம்.எஸ்சி. சான்றிதழில் முன்னால் இருக்கக்கூடும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டியிருக்கும். மூன்றிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றுதானா என்று இன்று ராத்திரியே எடுத்து வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும் முன்பே சரிசெய்யுங்கள். ஆங்கிலத் தேர்வுகளான ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் இரண்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். இன்னொன்று, சான்றிதழ்களுக்கு அபோஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்காக வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று) கேட்டால், முதற்கட்ட மாநில அரசுச் சான்றொப்பம் சான்றிதழ் எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டதோ அங்கே நடக்கும். பி.எஸ்சி.க்குக் கேரளத்தில் வெளிநாடுவாழ் கேரள மக்களுக்கான அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ், எம்.எஸ்சி.க்குத் தமிழ்நாட்டு அரசு. இரண்டையும் ஒரே இடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்து அலையாதீர்கள்.

பரிந்துரைக் கடிதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பல நல்ல விண்ணப்பங்கள் அங்கேதான் சரிகின்றன. ‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்பது நம் கல்லூரிகளில் பழகிப்போன வழக்கம். தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்று கடிதமும் ஒரே எழுத்து நடையில் இருந்தால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும், உங்கள் நேர்மையே கேள்விக்குள்ளாகும். அதற்குப் பதிலாக உங்கள் வழிகாட்டியிடம் ஒரு தாள் கொடுங்கள். புராஜெக்டில் என்ன செய்தீர்கள், எந்த இடத்தில் சிக்கல் வந்தது, அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று உண்மைச் சம்பவங்களாக எழுதிய தாள். ‘போர் மோட்டார் ஓடாத நாள்களில் கரண்ட் வரும் நேரம் பார்த்து விடியற்காலையில் போய் மாதிரி எடுத்தார்’ என்று உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு குறிப்பு பார்த்தேன். அதை ஆசிரியர் தன் வார்த்தையில் எழுதினால், ‘ஒழுக்கமும் அறிவும் மிக்க மாணவி’ என்ற பத்து வரியைவிட அதிகம் பேசும். சார் அவருடைய அலுவலக மெயில் முகவரியிலிருந்துதான் அனுப்ப வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இங்கிலீஷ். உங்கள் ரிப்போர்ட்டின் ஆங்கிலத்தில் பிழைகள் இருக்கின்றன, ஆனால் என்ன சொல்கிறீர்கள் என்பது எங்குமே மறையவில்லை. ஆய்வுக்கு அதுதான் அடிப்படை. நோக்கக் கடிதத்தை முதலில் தமிழில் எழுதுங்கள். எதை ஆராய வேண்டும், ஏன், எப்படி, ஏன் அந்த ஆய்வுக்கூடம். தமிழில் தெளிவாக வந்துவிட்டால் ஆங்கிலத்தில் குட்டி வாக்கியங்களாக மாற்றுவது உங்களால் முடியும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தையோ, கணினி எழுதித் தரும் பளபளப்பான ஆங்கிலத்தையோ ஒட்டாதீர்கள். நேர்காணலில் அந்தக் குரலும் உங்கள் குரலும் பொருந்தாமல் போகும். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், கட்டணமும் அதிகம். ஆகவே குறைந்தது ஒரு பேராசிரியராவது பதில் போட்ட பிறகு எழுதுங்கள். பயிற்சியை மட்டும் இப்போதே தொடங்கலாம். தினமும் ஒரு கட்டுரையின் சுருக்கத்தைச் சத்தமாகப் படித்து, அதையே உங்கள் வார்த்தையில் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக அப்பா. அவர் சொல்வதில் பயம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. மகள் எங்கேயோ போய் மாட்டிக்கொள்வாளோ, கடன் ஏறுமோ என்றுதான் கேட்கிறார். அவருக்குக் கனவைச் சொல்லாமல் கணக்கைச் சொல்லுங்கள். கட்டணம் கட்டும் எந்த இடத்துக்கும் போகமாட்டேன், மாதாமாதம் எனக்குத் தொகை வரும் இடத்துக்குத்தான் போவேன் என்று வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றவும் செய்யுங்கள். ‘நமக்கெல்லாம் எதுக்கு’ என்பதற்கு மட்டும் ஒரு பதில் உண்டு. உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன், 1945இல் டாடா உதவித்தொகையில்தான் லண்டன் போய்ப் படித்தார். பின்னாளில் நம் மாவட்டத்து ஒற்றப்பாலம் தொகுதியிலிருந்து மூன்று முறை மக்களவைக்குப் போனார், குடியரசுத் தலைவரும் ஆனார். அப்பாவின் வயதுக்காரர்களுக்கு அவரை நன்றாக நினைவிருக்கும்.

பேங்க் பரீட்சைக்குப் பதிலாக அப்பாவிடம் இன்னொரு பரீட்சையைச் சொல்லுங்கள். யு.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் ஒரு பாடம். அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு இந்தியாவிலேயே பிஎச்.டி. சேரலாம். கோழிக்கோட்டில் நீர்வள மேம்பாடு மற்றும் மேலாண்மை மையம் இருக்கிறது, சித்தூர் நிலத்தடி நீர் அவர்களுக்குப் புதிதில்லை. அங்கேயோ கோவை, சென்னையிலோ சேர்ந்து, அப்போது ஃபுல்பிரைட்–நேருவுக்கு விண்ணப்பிக்கலாம். பிரான்ஸ் போக ராமன்–சார்பாக் உதவித்தொகையும் இந்தியாவில் பதிவு செய்தவர்களுக்கு உண்டு. இதைத் தோற்றால் போகும் வழி என்று நினைக்க வேண்டாம். களம் வீட்டு வாசலிலும், ஆய்வுக்கூடம் சில மாதம் வெளிநாட்டிலும் இருப்பது உங்கள் கேள்விக்கு இன்னும்கூடப் பொருத்தமாக அமையலாம். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தயாராகுங்கள். வரும் நெட் தேர்வுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். படிக்கும் பாடம் நேர்காணலுக்கும் உதவும்.

இந்த வாரம் உடுமலைக்கு அப்பாவோடு ஒரு நடை போய்வந்துவிடுங்கள். லாரி லோடு அந்தப் பக்கம் போகும் நாளாகப் பார்த்தால் அவருக்கும் ஒரு நாள் கூலி போகாது. மெயிலை ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும், யாருக்கும் அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கூடவே மூன்றாவது அட்டவணையை ஒரே பக்கத்தில், கிணறு இருக்கும் இடம் வாய்க்காலுக்கு எவ்வளவு தூரம் என்ற ஒரு கட்டத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தத் தூரக் கணக்கு ரிப்போர்ட்டில் இல்லை. பேராசிரியர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.